புதுச்சேரியில் ஒரு ராணியைக் கூண்டில் ஏற்றிய கதை

"பாஸ்போர்ட் இல்லாமலே வெளிநாடு போறே, கொடுத்து வச்சவ" என்று என் கணவர் ரயிலடியில் கேலி செய்தார். தமிழ்நாட்டில் மதுவிலக்கு இருந்த காலம் அது. பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் யாராவது புதுச்சேரிக்குப் போகிறேன் என்று சொன்னால் கேட்பவர்கள் ஒரு மாதிரியாகச் சிரிப்பார்கள். நான் போனது பாட்டிலுக்காக அல்ல. ஏற்கெனவே தலை வெட்டப்பட்ட ஒரு பெண்ணுக்கு இன்னொரு முறை தண்டனை வாங்கிக் கொடுப்பதற்காக.

கல்லூரியில் தமிழ் சொல்லிக் கொடுப்பது என் தொழில். மேடையில் பேசுவது என் வியாதி. அதிலும் வழக்காடு மன்றம் என்றால் சாப்பாடு வேண்டாம் எனக்கு. செத்தவர்களைக் கூண்டில் ஏற்றி, ஒருவர் குற்றம் சாட்டி, இன்னொருவர் காப்பாற்றி, நடுவர் ஒருவர் தீர்ப்புச் சொல்லும் இந்த விளையாட்டில் நம்மை அடிக்க உலகத்தில் ஆளில்லை. குற்றம் சாட்டும் தரப்பு என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். எத்தனையோ ராஜாக்களையும் ராணிகளையும் நான் உள்ளே தள்ளியிருக்கிறேன். ஒருவரும் திரும்பி வந்து கேட்டதில்லை.

புதுச்சேரிக்காரர்கள் பிரெஞ்சுப் புரட்சி நாளை ஜூலை பதினான்காம் தேதி இன்றும் கொண்டாடுகிறார்கள். அதை ஒட்டி அந்த ஊரில் உப்பளம் என்ற பேட்டையில் இரண்டு மாலை வழக்காடு மன்றம். 'பிரான்சு தேசத்து ராணி மரி அந்துவானெத் குற்றவாளியே' என்று முதல் நாள் நான் பேச வேண்டும். மறுநாள் எதிர்த்தரப்பும் தீர்ப்பும்.

விழுப்புரத்தில் நான் ஏறிய பஸ் வில்லியனூர் தாண்டியதும் 'புஸ்' என்றது. டயர். எல்லோரும் இறங்கிப் புளியமரத்தடியில் நின்றோம். கண்டக்டரும் டிரைவரும் ஜாக்கியைத் தேட ஆரம்பித்தார்கள். எங்கள் ஊராக இருந்தால் இந்நேரம் ஆளாளுக்கு ஒரு யோசனை சொல்லி டிரைவரை அழ வைத்திருப்பார்கள். இங்கே ஜனங்கள் பேசாமல் துண்டை விரித்து உட்கார்ந்துவிட்டார்கள். மூலக்குளத்துக்குப் போகும் ஒரு பருத்த அம்மாள், முன்பு மில்லில் வேலை பார்த்தவளாம், எனக்கும் பக்கத்தில் இடம் போட்டாள்.

"எங்கம்மா போறீங்க, ஆஸ்பத்திரிக்கா?"

உப்பளத்தில் ஒரு ராணியைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றேன். ஒத்திகையாகவும் இருக்கட்டுமே என்று கதையையும் சொன்னேன். ஜனங்களுக்கு ரொட்டி இல்லை என்று வந்து சொன்னபோது, ரொட்டி இல்லாவிட்டால் கேக் சாப்பிடட்டுமே என்றாளாம் அந்தப் புண்ணியவதி.

அந்த அம்மாள் தொடையில் தட்டிச் சிரித்தாள். "ஐய, இது எங்க ஊர்ல நடந்த கதையாச்சே! மில்லு ஸ்ட்ரைக்கு அப்போ அதே உப்பளத்துல சூப்பர்வைசர் பொண்டாட்டி ஒருத்தி. பொம்பளைங்க எல்லாம் புள்ளைங்களத் தூக்கினு போயி வாசல்ல நின்னு அரிசி கேட்டாங்க. சோறு இல்லன்னா கேக்கு துன்னுங்கன்னுட்டா. அதுலேருந்து அவ பேரே கேக்கம்மாதான்."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்பார்களே, அப்படி இருந்தது எனக்கு. உள்ளூர்க் கதை ஒன்று கிடைத்துவிட்டால் பாதிக் கூட்டம் பேச்சாளர் கையில். நீங்கள் நேரில் பார்த்தீர்களா என்று நான் கேட்கவில்லை. அவளும் பார்த்தேன் என்று சொல்லவில்லை. டயர் மாட்டி முடிப்பதற்குள் அந்தக் கதைக்கு நான் தலைப்பாகை கட்டி மீசையும் வைத்து முடித்திருந்தேன்.

பஸ் நிலையத்தில் என்னை அழைத்துப் போக வந்தவர் விழாக் குழுத் தலைவர் தாவீது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். அப்படிப்பட்டவர்களை இங்கே 'சொல்தா' என்கிறார்கள், மரியாதையாக 'மிஸ்யே' என்று கூப்பிடுகிறார்கள். பிரான்சிலேயே நெடுங்காலம் இருந்துவிட்டுச் சமீபத்தில்தான் ஊர் திரும்பியவர். சைக்கிள் ரிக்‌ஷாவில் என்னை ஏற்றிவிட்டு, தான் சைக்கிளில் பக்கத்திலேயே மிதித்து வந்தார். தெருக்கள் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல நேராக ஓடின. சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர் ஒருவரைப் பார்த்து, கல்யாண பேண்டு வாத்தியக்காரரோ என்று நினைத்து மனதுக்குள் சிரித்துக்கொண்டேன்.

"ஓட்டல் வாணாம் மதாம். ரொசாலி அம்மா வூட்ல தங்குங்க. கையி மணக்கும்" என்றார் மிஸ்யே தாவீது.

ரொசாலி அம்மா கணவரை இழந்தவர், ஐம்பது வயதிருக்கும். வீட்டு முன்னறையில் நான்கு பெஞ்சு போட்டு மதியம் சாப்பாடு போடுகிறார். துறைமுகம் பக்கம் வேலை செய்கிறவர்கள், லாரி ஓட்டுகிறவர்கள், பட்டறைப் பையன்கள்தான் வாடிக்கை. அதில்தான் குடும்பம் ஓடுகிறது. ஒரே மகள் பவுலின், தட்டச்சு முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தாள். நான் போய் இறங்கியதும் எனக்கு வெந்நீர், புது சோப்பு, கஞ்சி போட்ட போர்வை. மாமியார் வீட்டில்கூட எனக்கு இந்த உபசாரம் நடந்ததில்லை.

இரவுச் சாப்பாட்டுக்கு மீன் குழம்பு. நெல்லைக்காரிக்கு மீன் குழம்பில் யாரும் பாடம் எடுக்க முடியாது என்ற நினைப்பில்தான் உட்கார்ந்தேன். வெங்காய வடகத்தை எண்ணெயில் பொரித்துக் கடைசியாகக் குழம்பில் கொட்டியிருந்தார். முதல் கவளத்திலேயே வாயை மூடிக்கொண்டேன். எங்கள் தேங்காய் அரைத்த குழம்பு இதற்கு முன் பச்சைப் பிள்ளை.

"அந்த ராணியம்மா இன்னா தப்பு பண்ணாங்க?" என்று கேட்டார் ரொசாலி அம்மா.

ரொட்டியும் கேக்கும் கதையைச் சொன்னேன். குழம்பு ஊற்ற வந்த கரண்டி பாத்திரத்துக்கு மேலேயே கொஞ்ச நேரம் நின்றது. "அப்படியா சொன்னாங்க?" என்றார். எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது என்றேன். "புஸ்தகத்துல இருந்தா சரிதாம்மா" என்று சொல்லிக் குழம்பை ஊற்றினார். பவுலின் எழுந்து உள்ளே போய்விட்டாள். நான் இரண்டாவது துண்டு மீனைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

மறுநாள் மாலை புறப்படும்போது அவரையும் கூப்பிட்டேன். வேலை இருக்கிறது என்றார், தலை வலிக்கிறது என்றார். கூட்டம் கூடுகிற இடத்துக்கு அம்மா போவதில்லை என்று பவுலினும் சொன்னாள். நான் விடுவேனா? "உங்க வீட்டு விருந்தாளி பேசுறேன், நீங்க முன்வரிசையில இருக்கணும்" என்று பிடிவாதம் பிடித்தேன். விருந்தாளி மனம் கோணக் கூடாது என்று அவர் பெட்டியிலிருந்து ஒரு பட்டுப் புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டார். அதில் பாச்சை உருண்டை வாசனை அடித்தது.

மாதாகோயில் பள்ளிக்கூட வளாகத்தில் பந்தல். சொல்தாக்களின் விளக்கு ஊர்வலம் முடிந்து ஜனங்கள் நேரே அங்கே வந்து குவிந்தார்கள். நடுவர், கடலூரிலிருந்து வந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். எதிர்த்தரப்பு லெயோன் என்ற பிரெஞ்சு வாத்தியார், ஊதினால் பறந்துவிடுவார் போல மெலிந்தவர். மேடைக்குப் பின்னால் காபி குடிக்கும்போது அவர் என்னிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அம்மா, அந்த கேக்கு பேச்ச அவங்க சொன்னதா ஆதாரமே இல்ல. அவங்க பிரான்சுக்கு வர்றதுக்கு முன்னாலயே வேற வேற இளவரசிங்க சொன்னதா அந்தக் கதை சுத்திக்கிட்டு இருந்துச்சி."

"நாளைக்கு மேடையில சொல்லுங்க சார். கைதட்டு வருதான்னு பாப்போம்" என்றேன்.

எனக்கு வந்தது. ராணியின் வைர நகை, ஆளுயரக் கொண்டை, சூதாட்டம் என்று ஒவ்வொன்றாக அடுக்கினேன். பிறகு குரலைத் தாழ்த்தி, "பாரிசுக்குப் போவானேன்? உங்கள் உப்பளத்திலேயே ஒரு ராணி இருந்தாளாமே!" என்றேன். பந்தல் நிமிர்ந்து உட்கார்ந்தது. மில் கதையைச் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். கதையின் வாலில் என் சரக்கையும் கட்டினேன். "கேக்கம்மா என்ன சொன்னாளாம்? சோறு இல்லையா, கேக்குத் தின்னுங்க. கேக்கு விக்கிச்சுன்னா ஒயின் குடிங்க!"

பந்தல் இடிந்தது. விசில் பறந்தது. பின்வரிசை ஆட்கள் எழுந்து நின்று முன்வரிசைப் பக்கமாக எட்டி எட்டிப் பார்த்தார்கள். வரிசை வரிசையாகத் தலைகள் ஒரே பக்கம் திரும்பின. என்னை நன்றாகப் பார்க்கத்தான் எழுந்து நிற்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். முன்வரிசையில் ரொசாலி அம்மா முந்தானையைத் தோளைச் சுற்றி இழுத்துப் போர்த்தியபடி சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தார். அவரும் ரசிக்கிறார் என்று எண்ணி அவரைப் பார்த்துத் தலையை வேறு ஆட்டினேன். இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

பதினான்காம் தேதி காலை ரொசாலி அம்மா எப்போதும் போல ரொட்டியும் காபியும் வைத்தார். வெளியே மொறுமொறு என்றும் உள்ளே பஞ்சாகவும் இருக்கும் நீள ரொட்டி. அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பவுலின் மட்டும் நான் கேட்டதற்கு 'உம்' 'இல்ல' என்று பதில் சொன்னாள். வயசுப் பெண், ஏதோ கோபம் என்று விட்டுவிட்டுக் கடற்கரைக்கு நடந்தேன்.

கடற்கரைச் சாலையில் போர் நினைவுச் சின்னத்துக்கு எதிரே வயதான சொல்தாக்கள் கோட்டில் பதக்கங்கள் குத்திக்கொண்டு வரிசையில் நின்றார்கள். பிரெஞ்சுத் தேசிய கீதம், பிறகு நம்முடையது. இரண்டுக்கும் ஒரே விறைப்பு. பக்கத்தில் நின்ற ஒரு கிழவர் தன் மனைவியிடம், "வேட்டி கட்டிக்கினு சல்யூட் அடிச்சா கை ஒழுங்கா நிக்க மாட்டேங்குதுடி" என்று முணுமுணுத்தார். எங்கள் ஊர்க் கொடியேற்றத்தில் மிட்டாய் கொடுத்து முடியும் வரை ஒருவரும் நேராக நிற்க மாட்டார்கள்.

என் பெருமையைக் கேட்காதீர்கள். வழியெல்லாம் ஜனங்கள் என்னைக் காட்டிப் பேசினார்கள். வேர்க்கடலை விற்றவள் காசு வாங்க மறுத்துவிட்டாள். "நேத்து பேசுன அம்மாதான நீங்க? வயிறு புண்ணாப் போச்சி போங்க!" கடலையைக் கொறித்தபடி, ஏதோ ஊரையே விலைக்கு வாங்கியவள் போல நடந்து வீடு வந்து சேர்ந்தேன்.

மதியச் சாப்பாடு தொடங்கியிருந்தது. நான் உள்ளறையில் நாற்காலியில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தேன். வாசலில் செருப்பு கழற்றும் சத்தம் கேட்டது. ஒரு லாரி டிரைவரின் குரல்: "ரொசாலிக்கா, இன்னிக்கு சோறா, கேக்கா?"

எல்லோரும் சிரித்தார்கள். அப்போதும் எனக்கு விளங்கவில்லை. என் பேச்சு இவ்வளவு தூரம் பரவியிருக்கிறதே என்றுதான் நினைத்தேன். அடுத்து ஒருவன் வந்தான். "அக்கா, கேக்கு துன்னா விக்குமாமே, ஒயின் ஊத்துவீங்களா?" "ஊத்தறேன், குந்து" என்றது ரொசாலி அம்மாவின் குரல். பிறகு மூன்றாவது ஆள். அவன் கொஞ்சம் யோசனையாகக் கேட்டான்: "ஏன்க்கா, அந்தக் கேக்கம்மா நீங்கதானாமே? இத்தினி நாளா உங்க கையாலதான் துன்னுக்கினு இருக்கேன், எனக்குத் தெரியவே தெரியாதே. எங்க அம்மா அந்த மில்லுலதான் கூலிக்கு இருந்துச்சி."

பெஞ்சு நகரும் சத்தம் கேட்டது. அவன் சாப்பிடாமல் போய்விட்டான்.

என் கையில் இருந்த விசிறி நின்றுபோனது. நேற்று இரவு அந்தத் தலைகள் எல்லாம் எதற்காகத் திரும்பின என்று அப்போதுதான் என் மர மண்டைக்கு உறைத்தது. அவர் வீட்டுச் சோற்றைத் தின்றுவிட்டு, அவரையே முன்வரிசைக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்து, ஊர் பார்க்கத் துப்பியிருக்கிறேன்.

பவுலின் கதவருகில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்போ தெரிஞ்சிதா?" என்றாள். "மில்லுல வேலை நின்னப்போ எங்க அப்பா மட்டும் உள்ள போனாரு. அது தப்புதான், நான் இல்லன்னு சொல்லல. வெளிய நின்னவங்க அவர் மேல காறித் துப்புனாங்க. அந்தக் கோவத்துல அவரு, வூட்டுலேருந்து ஒரு புடி அரிசி வெளிய போனா நடக்கறதே வேறன்னுட்டாரு. அது கிறிஸ்மஸ் நேரம். அம்மா வாடிக்கைக்காரங்களுக்கு விவிக்கம் பண்ணி அடுக்கி வெச்சிருந்தாங்க."

விவிக்கம் என்பது ரவையும் வெண்ணெயும் ரம்மில் ஊறிய திராட்சையும் சேர்த்துச் செய்யும் புதுச்சேரிக் கிறிஸ்துமஸ் கேக்.

"பொம்பளைங்க புள்ளைங்களோட வந்து நின்னாங்க. அம்மா இன்னா சொன்னாங்கன்னு எனக்குத் தெரியும், நான் பாவாடையப் புடிச்சிக்கினு பக்கத்துலதான் நின்னேன். 'அரிசி அவரோடதும்மா, நான் தொட முடியாது. கேக்கு என் கையால பண்ணது, என்னோடது. புள்ளைங்களுக்குக் குடுங்க.' அப்படின்னு எல்லாத்தையும் அறுத்துக் குடுத்துட்டாங்க. அப்புறம் வாடிக்கைக்காரங்க வூடு வூடாப் போயி மன்னிப்பு கேட்டாங்க. அதுக்கப்புறம் அவங்க கேக்கு பண்றதே இல்ல. ஊரு கொஞ்சம் கொஞ்சமா மறந்துக்கினு வந்துச்சி. புதுசா சாப்பிட வர்றவங்க ரொசாலிக்கான்னுதான் கூப்புடுவாங்க. நேத்து நீங்க வந்தீங்க."

ரொசாலி அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். "அவங்களுக்கு இன்னாடி தெரியும், சும்மா இரு" என்று மகளை அதட்டினார். அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வார்த்தைக்குப் பஞ்சமே அறியாத என் வாயில் அன்று ஒழுங்காக ஒரு வாக்கியம் வரவில்லை. இன்று மாலை மேடையில் உங்கள் பெயரைச் சொல்லி, நடந்ததைச் சொல்லி, எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்கிறேன் என்று எப்படியோ சொல்லி முடித்தேன்.

"வேணாம்" என்றார். அந்த வீட்டில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒரு முறைதான். பிறகு தணிந்து சொன்னார்: "மன்னிப்பு கேக்கணும்னா கதைய இன்னொரு தபா சொல்லணும் இல்லம்மா? கேக்கறவங்களுக்கு மன்னிப்பு ஞாபகம் இருக்காது, கதைதான் இருக்கும். தெரியாதவங்களுக்கும் தெரிஞ்சிடும்."

"அப்ப நான் என்னதான் செய்யட்டும்?"

"அந்த ராணியம்மாவ உட்டுடுங்க" என்றார்.

அன்று மாலை அவர் வரவில்லை. பவுலினும் வரவில்லை. நான் மேடையில் உட்கார்ந்து லெயோன் வாத்தியார் பேசியதை, ஒரு பேச்சாளர் பேச்சை என் வாழ்நாளில் முதல் தடவையாக, பதில் யோசிக்காமல் கேட்டேன். ஆஸ்திரியாவிலிருந்து பதினாலு வயதில் கட்டிக் கொடுக்கப்பட்ட பெண். எல்லையில் அவள் உடுத்தி வந்த துணியைக்கூடக் கழற்றிவிட்டுப் பிரெஞ்சுத் துணி உடுத்தித்தான் உள்ளே விட்டார்கள், கூட வந்த நாய்க்குட்டியைக்கூட வாங்கிக்கொண்டார்கள். போன இடத்தில் கடைசிவரை 'ஆஸ்திரியாக்காரி'தான். விசாரணையில் பெற்ற பிள்ளையை வைத்தே அவள் மேல் வாயால் சொல்லக் கூசும் பழி போட்டார்கள். கொலை மேடையில் ஏறும்போது தவறிக் காலை மிதித்துவிட்டதற்காக, தலையை வெட்டப் போகிறவனிடமே மன்னிப்புக் கேட்டாளாம். ஊதாரித்தனம் உண்டு, பிடிவாதம் உண்டு, அதை நான் மறைக்கவில்லை என்றார் வாத்தியார். சொல்லாத சொல்லுக்காக மட்டும் அவளை இன்னும் எத்தனை நாள் வெட்டுவீர்கள் என்று கேட்டு உட்கார்ந்தார். நான்கு பேர் கைதட்டினார்கள். அதில் ஒன்று என் கை.

மறுப்புரைக்கு என்னை அழைத்தார்கள். பந்தலே உற்சாகத்தில் ஆடியது. ஒலிபெருக்கிக் குழாய் ஒன்றை ரொசாலி அம்மாவின் தெருமுனைக் கம்பத்தில் கட்டியிருப்பது எனக்குத் தெரியும். அந்தக் குழாயை நினைத்துக்கொண்டு பேசினேன்.

"நேற்று நான் ஒரு பெண்ணின் மேல் குற்றம் சாட்டினேன். அவர் அப்படிச் சொன்னாரா என்று நான் விசாரிக்கவில்லை. கேட்டேன், சிரித்தேன், என் பங்குக்கும் சேர்த்தேன். அவரிடம் மன்னிப்புக் கேட்டு என் வழக்கைத் திரும்பப் பெறுகிறேன்."

எனக்கு நெஞ்சு லேசாகத் தொடங்கியது. அதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல்: "அதெல்லாம் இருக்கட்டும் மதாம், கேக்கம்மா கதைய இன்னொரு தபா சொல்லுங்க!" கொல்லென்று பந்தல் சிரித்தது. "ஒயினு! ஒயினு!" என்று சிறுசுகள் கத்தின. என் மன்னிப்பையும் மேடை வித்தை என்றே எடுத்துக்கொண்டார்கள். நடுவர், நல்ல மனிதர், கூட்டம் கலையாமல் இருக்க வேண்டுமே என்ற கவலையில், "அம்மையார் வழக்கை வாபஸ் வாங்கிவிட்டார், கேக்கை வாபஸ் வாங்கவில்லை" என்று ஒரு போடு போட்டார். ராணி குற்றவாளிதான், ஆனால் இரக்கத்துக்கு உரியவள் என்று தீர்ப்பு. எனக்கு ரோஜா மாலை போட்டார்கள். மாலை கழுத்தில் இருந்த நேரம் முழுக்க அதை எப்போது கழற்றுவோம் என்று இருந்தது.

காலையில் நான் பெட்டியைக் கட்டும்போது ரொசாலி அம்மா வாழையிலைப் பொட்டலம் ஒன்றைக் கொண்டு வந்து வைத்தார்.

"குழாயில கேட்டேன்மா" என்றார். பிறகு பொட்டலத்தைத் தொட்டுக் காட்டினார். "வழிக்குப் புளிசோறு. கேக்கு குடுத்தா ஊரு ஒண்ணு சொல்லும். அதான், சோறாவே கட்டிட்டேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் சிரிக்க முயன்று தோற்றேன். பவுலின் ரிக்‌ஷா வரை பெட்டியைத் தூக்கி வந்தாள், என்னிடம் கொடுக்காமல் ரிக்‌ஷாவில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனாள். அதையும் நான் எதிர்பார்த்துத்தான் இருந்தேன்.

விழுப்புரம் பஸ். தமிழ்நாட்டு எல்லையில் போலீஸ் ஏறியது, பாட்டில் தேட. எல்லோர் பையையும் அமுக்கிப் பார்த்த ஏட்டு என் மடியில் இருந்த பொட்டலத்தை மோந்து பார்த்தார். "இன்னாது இது?" "சோறு" என்றேன். இன்னொரு முறை மோந்து பார்த்துவிட்டுப் போனார்.

பஸ் நகர்ந்தது. பசி இல்லை. ஆனாலும் அந்தச் சோற்றை வீணாக்கக் கூடாது என்று பொட்டலத்தைப் பிரித்தேன். என் பின்சீட்டில் இரண்டு பெண்கள், காலையில் மார்க்கெட்டில் கீரை விற்றுவிட்டு வெறும் கூடையோடு கிராமத்துக்குத் திரும்புகிறவர்கள். ஒருத்தி மற்றவளிடம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

"உப்பளத்துல ஒருத்தி இருக்காளாம்டி, கேக்கம்மான்னு. புள்ளைங்க பசில நிக்கிதுங்க, சோறு இல்லன்னா கேக்கு துன்னுங்க, விக்கிச்சின்னா ஒயினு குடிங்கன்னாளாம்!"

"அடிப்பாவி, ஒயினா! அவ வாயில புழு வைக்க!"

ஒயின். ராணி கதையில் ஒயின் கிடையாது. மில் கதையிலும் கிடையாது. முந்தா நாள் மாலை வரை இந்த உலகத்திலேயே கிடையாது. கைதட்டலுக்காக என் வாயிலிருந்து விழுந்தது, இரண்டே நாளில் மார்க்கெட்டைத் தாண்டி, எல்லையையும் தாண்டி, எனக்கு முன்னால் ஊர் ஊராகப் போகப் போகிறது. அதைப் பிடித்து நிறுத்த எந்த ஏட்டாலும் ஆகாது.

நான் திரும்பினேன். "அந்த அம்மா அப்படிச் சொல்லலைங்க" என்றேன்.

இருவரும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். "நீங்க பாத்தீங்களா?" என்றாள் கதை சொன்னவள்.

புளியமரத்தடியில் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

"ஒயின் குடிக்கச் சொன்னது அவங்க இல்ல" என்றேன். "சொன்னது நான்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். என் நல்ல புடவையைப் பார்த்தாள். மடியில் விரித்து வைத்திருந்த சோற்றைப் பார்த்தாள். கண் அகல, "ஐயே, அப்போ அந்தக் கேக்கம்மா நீங்கதானா?" என்றாள்.

இல்லை என்று சொல்ல வாய் திறந்தேன். அந்தப் பெயரைத் திருப்பி அனுப்பினால் அது எந்த வீட்டு வாசலில் போய் நிற்கும் என்று எனக்குத் தெரியும்.

"ஆமா" என்றேன்.

கிராமம் வந்து இறங்கும் வரை அவர்களுடைய பார்வை என் பிடரியில் சுட்டுக்கொண்டே இருந்தது. ரொசாலி அம்மா கட்டிக் கொடுத்த சோற்றை, ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல், நான் அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டேன்.